கன்று நடும் முன் தண்ணீரைப் பாருங்கள்



சென்ற ஆண்டு மழைக்கு முன் நம் கபரஸ்தானின் தாழ்வான மூலையில் டிரஸ்ட் சார்பில் 40 கன்றுகள் நட்டோம். பிழைத்தவை 6. ஆடு மேய்ந்துவிட்டது என்றார் ஒருவர். பந்து விளையாடும் பிள்ளைகள் மிதித்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். வேலி போட வசூல் தொடங்கலாமா என்று பேச்சு வந்த நேரத்தில், ஒரு நிக்காஹ்வுக்காகப் பரங்கிப்பேட்டை போனேன். மறுநாள் பக்கத்திலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பார்த்து வந்தேன். அந்தக் காட்டிலும் இதே வாக்குவாதம் நடந்திருக்கிறது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இடம் அது. வாய்க்கால் ஓரத்தில் சுரபுன்னை, அதற்குப் பின்னால் வெண்கண்டல். வெள்ளையர் காலம் தொட்டு 1970கள் வரை இந்தக் காட்டைப் பாகம் பாகமாகப் பிரித்து, முறை வைத்து, ஒரு பாகத்தை அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடம் தானே தழைக்கும் என்பது கணக்கு. பல இடங்களில் தழைக்கவில்லை. பழி, சுற்றியுள்ள மீனவ, விவசாயக் கிராமங்களின் மீது விழுந்தது: மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள் என்று.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடு சேர்ந்து மண்ணை ஆராய்ந்தார்கள். மரம் போன நிலத்தில் வெயில் நேராக விழுந்து, மண் காய்ந்து, பள்ளமாக இறங்கியிருந்தது. ஓதத்தில் ஏறிய நீர் வடிய வழியில்லாமல் தேங்கியது. கோடையில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சியது. உப்பில் வளரும் அலையாத்தி விதைகூட அந்த அளவு உப்பைத் தாங்காது. மேய்ச்சலும் விறகும் சேதம் செய்யாமல் இல்லை. ஆனால் முதற்காரணம், சட்டப்படி, திட்டம் போட்டு நடந்த வெட்டுதான். ஏழையின் மாட்டின் மீது பழி போடுவது எவ்வளவு எளிது பாருங்கள்!

மீன்முள் போல ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்து திரும்பியது. உப்பு கழுவிப் போனது. அதன் பிறகுதான் கன்று நட்டார்கள். ஊர்க்குழுக்கள் அமைத்து, கிராமத்தாரும் கூடவே வேலை செய்தார்கள். செயற்கைக்கோள் படங்களின்படி 1986க்கும் 2002க்கும் இடையில் காட்டின் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியது.

அலையாத்தியின் சேற்றில் இலைதழை மெதுவாகத்தான் மக்கும். அதனால் புவியைச் சூடாக்கும் கரி காற்றில் கலக்காமல் மண்ணிலேயே நெடுங்காலம் தங்குகிறது. வேர்களுக்கிடையில் இறால், நண்டு, மீன் குஞ்சுகள் வளர்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலிலிருந்து இருந்த தூரமும் மேடான நிலமும் அதற்கு உதவின என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

வாய்க்கால் தூர்ந்தால் உப்பு திரும்பிவிடும். ஆகவே தூர்வாரும் வேலை அங்கே ஓயாது. மரம் நடுவது ஸதகா என்று மதரஸாவில் ஓதியவர்கள்தான் நாம். நட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று யார் சொன்னது?

ஊர் திரும்பியதும் அந்த மூலையைப் போய்ப் பார்த்தேன். மழை விட்டு 12 நாளாகியும் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. வேலி வசூலை நிறுத்தி வைத்திருக்கிறோம். வரும் ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் வடிகால் வெட்டும் வேலை, இன்ஷா அல்லாஹ். கபர்கள் இருக்கும் பக்கம் தொடாமல், மதில் ஓரமாகக் கயிறு பிடித்துக் குறித்திருக்கிறோம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். பந்து விளையாடும் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.