மார்பகப் புற்றுநோய்: தந்தை வழியையும் கேளுங்கள்

"அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?" ஏரியூர்ப் பகுதியிலிருந்து வரும் பெண்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா இது. அத்தைமாரின் நோயைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. ஆனால் அதையும் நாம் கேட்டறிய வேண்டும்.

உயிரணுக்கள் பெருகும்போது அவற்றின் டி.என்.ஏ.வில் ஏற்படும் பழுதுகளைச் சீர்செய்து, கட்டி உருவாகாமல் காப்பவை கட்டி அடக்கி மரபணுக்கள். 1994இல் இனங்காணப்பட்ட பிஆர்சிஏ-1, 1995இல் இனங்காணப்பட்ட பிஆர்சிஏ-2 ஆகியன அவ்வகையின. இவை ஒவ்வொன்றிலும் தாய் வழியாக ஒரு படியும் தந்தை வழியாக ஒரு படியும் நமக்குக் கிடைக்கின்றன. ஒரு படி பிறவியிலேயே பழுதாக இருப்பின் மற்றதே காவல். மார்பக உயிரணு ஒன்றில் அதுவும் பழுதுற்றால் அங்கே புற்றுநோய் தொடங்கக்கூடும்.

பழுது மிகச் சிறியதாகவும் இருக்கலாம். அடையாறு புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பிஆர்சிஏ-1இல் இரண்டே எழுத்துகள் விடுபட்ட மாற்றம் தென்னிந்தியப் பெண்கள் பலரிடம் காணப்பட்டது. இரண்டு எழுத்துகள் விடுபட்டால் அதன்பின் வரும் செய்தி முழுவதும் பிறழ்ந்து, காக்கும் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 5 முதல் 10 வரையே இவ்வாறு மரபுவழி வருபவை. எனினும் இப்பழுதுடைய பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும் என்பது வெளிநாட்டுப் பெரிய ஆய்வொன்றின் மதிப்பீடு. சூலகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது.

பழுதுடைய தந்தை பெரும்பாலும் நோயின்றியே வாழ்வார். ஆயினும் அவருடைய மகனுக்கும் மகளுக்கும் அது செல்லும் வாய்ப்பு சரிபாதி. எனவே பின்வருவன எவ்வழி உறவில் இருப்பினும் எம்மிடம் கூறுங்கள்:

• 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய்
• இரு மார்பகங்களிலும் நோய்
• சூலகப் புற்றுநோய்
• ஆணுக்கு மார்பகப் புற்றுநோய்

குருதிப் பரிசோதனையை, இயலுமாயின், நோயுற்றவரிடமே முதலில் செய்தல் நன்று. அவரிடம் காணப்பட்ட பழுது உங்களிடம் இல்லையெனில், அதனால் வரும் கூடுதல் அச்சம் நீங்கும். இருப்பின், 25 வயது முதல் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., 30 முதல் மேமோகிராமும் எனக் கண்காணிக்கலாம். பொருள் உறுதியாகாத மாற்றம் என அறிக்கை வந்தால் அதை நோயெனக் கொள்ள வேண்டா.

மகளின் திருமணம் தடைபடும் என அஞ்சி நோயின் பெயரையே மறைக்கும் குடும்பங்களை அறிவோம். அந்த அச்சம் எமக்குப் புரிகிறது. ஆனால் மறைப்பதால் இழப்புறுபவள் அம்மகளே. அடுத்த முறை வரும்போது, இரு வழியிலும் மூன்று தலைமுறையில் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் நோய் வந்தது என எழுதி வாருங்கள்.