ஐந்து பாங்கும் நம் வீட்டு நேரமும்



 

ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடும்போது அதிகம் காதில் விழும் வார்த்தை, "நேரமே இல்லை ஹஜ்ரத்" என்பதுதான். அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. நம் ஓரிக்கை வழியாக உத்திரமேரூர் போகும் சாலையில் விடியும் முன் நின்று பாருங்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக நம் வாலிபர்கள் காத்து நிற்பார்கள். பெண்களும் நிற்பார்கள். முதல் ஷிப்ட் என்றால் பிள்ளைகள் எழும் முன் கிளம்ப வேண்டும். இரண்டாம் ஷிப்ட் என்றால் அவர்கள் தூங்கிய பிறகுதான் வீடு திரும்ப முடியும். கடை வைத்திருப்பவர் ஷட்டரை இழுத்துப் பூட்டவே இரவு பத்து, பதினொன்று ஆகிறது. தறி நெய்பவர் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். ஆனாலும் காலைத் தறிக்குழியில் வைத்தவர் எழுந்து பிள்ளையின் நோட்டைப் பார்க்க நேரமில்லை. கூலி அவர் நெய்யும் புடவைக்குத்தானே?

ஒரு சகோதரர் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "வாரத்தில் ஐந்து, ஆறு நாள் என் மகளின் தூங்கும் முகத்தைத்தான் பார்க்கிறேன். நான் பிள்ளை வளர்க்கிறேனா, பணம் மட்டும் கொடுக்கிறேனா?" என்று கேட்டார். இந்த வாரப் பாடம் அவருடைய கேள்விக்குத்தான்.

கேள்வி சின்னதல்ல. ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஆணைத் தன் குடும்பத்திற்கும், பெண்ணைத் தன் கணவனின் வீட்டிற்கும் அவனது பிள்ளைகளுக்கும் பொறுப்பாளர் என்று அந்த ஹதீஸிலேயே தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. வேலைக்குப் போவது அந்தப் பொறுப்பில் ஒரு பகுதி. முழுப் பொறுப்பும் அதுவே ஆகிவிடாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பலரும் ஒரு நாள் உணர்ச்சி வேகத்தில் பெரிய அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். ஐந்து மணிக்கு இது, ஐந்தேகாலுக்கு அது என்று போகும். நான்காம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், அட்டவணை கிழியும். ஆனால் நம் நாளை அல்லாஹ் ஏற்கெனவே பிரித்துத் தந்துவிட்டான். தொழுகை, நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று அந்நிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனம் அறிவிக்கின்றது. நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வீட்டு வேலைகளை அந்த ஐந்து ஆணிகளில் மாட்டினால் போதும்.

இது என் சொந்த யோசனை அல்ல. அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். வீட்டில் உள்ள பருவம் எய்தாத பிள்ளைகளும் பணியாட்களும் மூன்று வேளைகளில் அனுமதி கேட்டுத்தான் பெரியவர்களின் அறைக்குள் வர வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகின்றான். ஃபஜ்ர் தொழுகைக்கு முன், ஆடைகளைக் களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல், இஷா தொழுகைக்குப் பின். வீட்டுக்குள் எந்த நேரத்தில் யார் எங்கே இருப்பது என்பதைக்கூடத் தொழுகையின் பெயரைச் சொல்லித்தான் குர்ஆன் பிரிக்கிறது. வசனத்தின் உட்பொருளையும் கவனியுங்கள். இஷாவுக்குப் பின் தாய் தந்தைக்கென்று ஒரு நேரம் இருக்கிறது. பிள்ளைகள் அதற்குள் படுக்கைக்குப் போய்விட வேண்டும். ஒரே அறை உள்ள வீடாயிற்றே என்று கேட்கலாம். ஒரு கம்பியில் திரை போட்டு, "கேட்டுவிட்டு வா" என்று பழக்கினாலும் அந்தக் கட்டளைக்கு வீட்டில் இடம் கொடுத்ததாகும்.

கடிகாரத்தைவிடத் தொழுகை நேரம் பிள்ளைகளுக்கு எளிது. நம் பகுதியில் மஃரிப் வருடம் முழுக்கச் சுமார் 5.40க்கும் 6.40க்கும் இடையேதான் நகர்கிறது. பாங்குச் சத்தம் கேட்டால் விளையாட்டு முடிந்தது என்று மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடப் புரியும். மாலை இருட்டும்போது பிள்ளைகளை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும்படியும், இரவில் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவுகளை அடைத்து, பாத்திரங்களை மூடி, விளக்குகளை அணைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் என்ற காரணமும் அறிவிப்புகளில் வருகிறது. நமக்கு இன்று திரிவிளக்கு இல்லை, கேஸ் அடுப்பு இருக்கிறது. ரெகுலேட்டரை மூடினோமா, தண்ணீர்க் குடத்துக்குத் தட்டு போட்டோமா, கதவுக்குத் தாழ் போட்டோமா என்று பார்க்கும் வேலையைப் பத்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். ஒரு சுன்னத்தை உயிர்ப்பித்த நன்மையும் கிடைக்கும், "நான்தான் வீட்டைப் பூட்டுகிறேன்" என்ற பெருமையும் அதற்கு இருக்கும்.

இனி காலை. வீடு கலவரமாவது சுப்ஹுக்கும் பள்ளிக்கூட மணிக்கும் இடையில்தான். தம் உம்மத்தின் அதிகாலையில் பரக்கத் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். அதை அறிவிக்கும் ஸக்ர் அல்காமிதீ (ரலி) அவர்கள் ஒரு வியாபாரி. சரக்கை விடியற்காலையிலேயே அனுப்புவார்களாம், அதனால் செல்வம் பெருகியது என்று திர்மிதியிலும் அபூதாவூதிலும் வருகிறது. ஆனால் அந்தப் பரக்கத்துக்கு இரவில்தான் விலை கொடுக்க வேண்டும். யூனிஃபார்ம், புத்தகப்பை, காணாமல்போகும் அந்த ஒற்றைச் சாக்ஸ் எல்லாம் இஷாவுக்கு முன்பே எடுத்து வைக்கப்பட்டிருந்தால், சுப்ஹுக்குப் பின் வீட்டில் குர்ஆன் சத்தம் கேட்கும். இல்லாவிட்டால் திட்டும் சத்தம்தான் கேட்கும். அரசுத் தொடக்கப் பள்ளியில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளை இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்துவிட்டது. அங்கே சாப்பிட வைப்பதைக் கௌரவக் குறைச்சலாகச் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் எந்தக் குறைவும் தெரியவில்லை. அடுப்படியில் மிச்சமாகும் அந்த அரைமணி நேரத்தில் ஒரு தாய் தன் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அரைப் பக்கம் ஓதக் கேட்கலாமே.

முதல் ஷிப்ட்டுக்குப் போகும் சகோதரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சுப்ஹு நேரம் தொடங்கும் முன்பே சில பஸ்கள் கிளம்பிவிடும். வீட்டிலேயே உளூ செய்துகொண்டு ஏறுங்கள். இறங்கியதும் சூரியன் உதிக்கும் முன் தொழுதுவிடுங்கள். பஸ்ஸில் தூங்கி களா ஆக்குவதை வழக்கமாக்கிவிட்டு, பிள்ளையைத் தொழச் சொன்னால் அது கேட்காது. குடும்பத்தாரைத் தொழுகைக்கு ஏவும்படி சொல்லும் தாஹா அத்தியாயத்தின் 132ஆம் வசனம், நீரும் அதில் உறுதியாக இருப்பீராக என்றுதான் தொடர்கிறது.

லுஹரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்நேரம் வீட்டில் யாரும் இருப்பதில்லை. வீட்டில் இருக்கும் தாய்மார்கள் சற்றுப் படுத்து எழுந்தால் அது சோம்பல் அல்ல. நண்பகல் ஓய்வைக் குர்ஆனே குறிப்பிடுவதை மேலே பார்த்தோம்.

இப்போது ஆண்களுக்குக் கொஞ்சம் கசப்பான விஷயம். வீட்டு ஒழுங்கு என்று பேச்செடுத்தாலே அது பெண்களின் வேலை என்று முடித்துவிடுகிறோம். மிம்பரில் நிற்கும் நாங்களும் பல சமயம் அப்படித்தான் பேசுகிறோம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் (ரஹ்) கேட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலையில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் கிளம்பிவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். ஒரு சமுதாயத்தையே நடத்தியவர்களின் வீட்டு நிலவரம் இது. ஆடையைத் தைப்பார்கள், செருப்பைச் சரிசெய்வார்கள் என்றும் அறிவிப்புகள் உண்டு.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைத் தறியை வைத்தே சொல்லலாம். கோர்வைப் புடவையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெய்பவர் ஒரு பக்கம் உட்கார்ந்தால், மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை இல்லாவிட்டால் கரையும் உடலும் சேராது. நம் வீடுகளில் பல தாய்மார்கள் கோர்வையை ஒற்றை ஆளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் வெளியே வேலைக்கும் போய்வருகிறார்கள்.

ஆகவே முதல் வேலை உட்கார்ந்து பேசுவது. தாய்ப்பாலை நிறுத்துவதைக்கூட, இருவரும் மனம் ஒப்பி ஆலோசித்து முடிவு செய்வதாக அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பேசுகிறது. ஒரு கைக்குழந்தையின் பாலுக்கே மஷ்வரா என்றால், யார் பிள்ளையை மக்தபுக்கு அழைத்துப் போவது, யார் ரேஷனுக்குப் போவது, செல்போனை எத்தனை மணிக்கு வைப்பது என்பதற்கெல்லாம் வேண்டாமா? இங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில் உள்ள உத்திரமேரூரில், சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பொறுப்பைப் பிரித்து, 360 நாள்தான் ஒருவர் பதவியில் இருக்கலாம் என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் ஏரியை யார் பார்ப்பது என்று ஊர் கூடித் தீர்மானித்தது. காலையில் மோட்டார் போடுவது யார் என்பதில் நாம் இன்றும் சண்டை போடுகிறோம்.

பேசி முடிவெடுக்கும்போது குறைவாக எடுங்கள். அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல், குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவது என்பது நபிமொழி. ஒரு வேளைச் சாப்பாடாவது சேர்ந்து என்று முடிவு செய்யுங்கள். சாப்பிட்டும் வயிறு நிறைவதில்லை என்று தோழர்கள் முறையிட்டபோது, நீங்கள் தனித்தனியாகச் சாப்பிடுகிறீர்களோ என்று கேட்டு, சேர்ந்து உண்ணும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் இருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீட்டில் எந்த ஒழுங்கும் தவறும், தவறட்டும். குழந்தை அழும் சத்தம் கேட்டு, தாயின் சிரமத்தை எண்ணி, ஜமாஅத் தொழுகையையே சுருக்கிய நபியின் உம்மத் நாம்.

அடுத்து இரவு. இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். அதற்காக மனைவியிடம் முகம் கொடுக்காமல் படுத்துக்கொள்வதல்ல சுன்னத். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராகத் தம் சிற்றன்னை மைமூனா (ரலி) வீட்டில் தங்கிய இரவில், நபி (ஸல்) அவர்கள் மனைவியோடு சிறிது நேரம் பேசிவிட்டு உறங்கியதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இன்று அந்தச் சிறிது நேரத்தைச் செல்போன் எடுத்துக்கொண்டது.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். திருகை அரைத்துக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) அவர்கள், ஒரு பணியாள் கேட்கலாம் என்று தந்தையின் வீட்டுக்குப் போனார்கள். தந்தை வீட்டில் இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் வீடு வந்து விஷயம் தெரிந்ததும் அன்றிரவே மகள் வீட்டுக்கு வந்தார்கள். மகளும் மருமகனும் படுத்துவிட்டிருந்தார்கள். எழ வேண்டாம் என்று சொல்லி, இருவருக்கும் நடுவே அமர்ந்தார்கள். அந்தப் பாதங்களின் குளிர்ச்சியை உணர்ந்தேன் என்கிறார்கள் அலி (ரலி) அவர்கள். பணியாளைவிடச் சிறந்தது என்று கூறி, படுக்கும்போது சொல்ல சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 கற்றுக்கொடுத்தார்கள்.

இந்த ஹதீஸைச் சொல்லி, பெண்களே பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முடிக்கும் பயான்கள் ஏராளம். எனக்கு அதில் வேறு ஒன்று தெரிகிறது. மகள் தேடி வந்தபோது தந்தை வீட்டில் இல்லை, அவர்களுக்கும் வேலை இருந்தது. ஆனால் நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்று விடவில்லை. அந்த திக்ரையும் மகளுக்கு மட்டும் கொடுக்கவில்லை, இருவருக்கும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அதை விட்டதே இல்லை என்றார்கள் அலி (ரலி). ஸிஃப்பீன் போர் இரவிலுமா என்று கேட்டதற்கு, அந்த இரவிலும் விடவில்லை என்றார்கள்.

அன்புச் சகோதரரே, முதல் ஷிப்ட் வாரத்தில் அஸரிலிருந்து இஷா வரை பிள்ளையை உங்கள் பொறுப்பாக்குங்கள். ஓதுவதைக் கேட்பது, ஹோம் வொர்க் பார்ப்பது, சோறு ஊட்டுவது எல்லாம் அதில் அடங்கும். மனைவி அந்நேரம் தறியிலோ தொழுகைப் பாயிலோ இருக்கட்டும். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் இரவு எவ்வளவு தாமதமாக வந்தாலும் சுப்ஹுக்கு மகளை எழுப்புவது நீங்களாக இருங்கள். மக்தப் வரை கைபிடித்து நடந்து, அவளை விட்டுவிட்டு வந்து மறுபடி தூங்குங்கள். இரவு ஷிப்ட் வாரம் வந்தால், அவள் படுக்கும் நேரத்தில் நீங்கள் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள். அந்த நூறு தஸ்பீஹுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. உங்கள் விரலில் அவள் எண்ணட்டும். பஸ்ஸின் ஹாரன் கேட்பதற்குள் வாசலில் நின்றபடியே இருவரும் முடித்துவிடலாம்.