ஒப்பிட்டு எழுதுதல்: மஞ்சள் ஓர்க்கிட்டும் பால்சுறாவும்



"ஒப்பிடுக" என்று வினா வந்தால் நம்மிற் பலர் ஒன்றைப் பற்றி ஐந்து வரி, மற்றதைப் பற்றி ஐந்து வரி எழுதி நிறுத்திவிடுகின்றனர். அதற்குப் புள்ளி குறைவு. ஒரே விடயத்தில் இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். அழிவை எதிர்நோக்கும் இரண்டு இனங்களைக் கொண்டு இதைப் பழகுவோம்.

மலைநாட்டுப் பத்தனைப் புல்வெளிகளில் மஞ்சள் நிறத்தில் பூக்கும் நில ஓர்க்கிட் ஒன்று உண்டு. விஞ்ஞானப் பெயர் இப்சியா ஸ்பெசியோசா. சிங்களத்தில் நாகமரு அல என்பர். இது இலங்கைக்கே உரித்தான தாவரம். மற்றையது பால்சுறா. பெரும்பாலும் ஒரு மீற்றர் அளவே வளரும் சிறிய சுறா. (கடலைக் காணாத இறம்பொடைப் பிள்ளைகளுக்குச் சுறா என்றால் கடையில் விற்கும் கருவாடுதான்!)

முதலில் மனிதனின் தேவையைப் பாருங்கள். ஓர்க்கிட்டின் கிழங்கு வசிய மருந்தாகும் என்று நம்பித் தோண்டுகிறார்கள். கிழங்கு போனால் செடியே போயிற்று. பால்சுறாவை உண்டால் தாய்க்குப் பால் சுரக்கும் என்பது நம்மவர் நம்பிக்கை. பெயரும் அதனால் வந்ததே. ஆயினும் சுறாவை அதிகம் அழிப்பது வலைகள்தான். அதேபோல் புல்வெளிகளைத் தேயிலையும் பைனஸ் மரங்களும் பிடித்துக்கொண்டன.

அடுத்தது இனப்பெருக்கம். சிறந்த விடை இங்கேதான் உருவாகும். ஓர்க்கிட்டின் ஒரு காயில் தூசி போன்ற ஆயிரக்கணக்கான வித்துக்கள் உண்டு. ஆனால் அவற்றில் சேமிப்புணவு இல்லை. மண்ணில் உரிய பங்கசு கிடைத்தால் மட்டுமே முளைக்கும். பால்சுறாவோ ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து, ஒன்று முதல் எட்டுக் குட்டிகளை ஈனும். ஒன்று ஆயிரக்கணக்கில், மற்றது விரல்விட்டு எண்ணும் அளவில். இருந்தும் இரண்டுமே இழந்ததை விரைவில் ஈடுசெய்ய முடியாதவை. "அதிகம் ஈனும் இனம் அழியாது" என்று எழுதும் மாணவர் இங்கே தவறுகிறார். எத்தனை பிறக்கின்றன என்பதைவிட எத்தனை வளர்ந்து மீண்டும் ஈனுகின்றன என்பதே கணக்கு.

பாதுகாப்பைச் சுருக்கமாக எழுதினாற் போதும். செடிக்கு அது வளரும் புல்வெளியையே காக்க வேண்டும். கடலிற் திரியும் சுறாவுக்கு மீன்பிடி முறையைக் கட்டுப்படுத்த வேண்டும். இலங்கையில் அடிமட்ட இழுவை மீன்பிடி 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

விடையில் "ஆனால்", "அதேபோல்", "இருந்தும்" ஆகிய சொற்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் நீங்கள் இன்னும் ஒப்பிடவில்லை.

பயிற்சி: உங்கள் தோட்டத்தில் குறைந்துவரும் ஒரு தாவரத்தையும் ஒரு விலங்கையும் தெரிந்து, இவ்வாறே 15 வரிகளில் ஒப்பிடுக.