கிணற்றுப் பங்கும் நிலத்தடி நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. குடிநீரும் தோட்டப் பாய்ச்சலும் பெரும்பாலும் கிணறுகளையே சார்ந்துள்ளன. அக்கிணறுகளுக்கு நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை மாணவர் முதலில் தெளிதல் வேண்டும்.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பொழியும் வடகீழ்ப் பருவமழை, சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளினூடே கீழிறங்கித் தங்குகின்றது. சூழவும் கடலாதலின் அப்பாறையின் ஆழத்தில் உவர்நீரும் உண்டு. நன்னீர் அதனினும் எடை குறைந்ததாகலின் அதன்மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது அறிஞர் கணக்கு. அக்கணக்கின் மறுபுறமே அச்சந் தருவது. மேலே ஓரடி குறையின், காலப்போக்கில் உவர் கீழிருந்து 40 அடி ஏறிவரும். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் பலரும் அறிந்ததே.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் இறைப்பவன் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அக்காவல் நீங்கிற்று. கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் நம் காணி உறுதிகளில் எழுதப்படுவன. பங்காளர் முறைவைத்து இறைத்தனர். சிறந்த ஏற்பாடுதான். ஆனாற் சாதியின் பெயரால் விலக்கப்பட்டோர் பிறர் அள்ளி ஊற்றும்வரை கிணற்றருகே காத்து நின்றனர் என்பதை மறைத்தல் தகாது. மேலும், உறுதி கிணற்றைப் பங்கிட்டதேயன்றி, அயற்கிணறுகள் அனைத்துக்கும் பொதுவாய் அடியில் நிற்கும் நீரைப் பங்கிடவில்லை. ஒருவர் தோட்டத்தில் மிகையாக இட்ட உரம் அடுத்த வீட்டுக் குடிநீரில் நைத்திரேற்றாகச் சேர்வதும் இதனாலேயே.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தபோது, அதனைத் தன்னலம் என்றோர் நம்மிற் பலர். அக்குளத்தின் கீழ்ச் சிறுபோகம் நீரிருப்புக்கேற்பவே விதைக்கப்படுகின்றது. இருப்புக் குறைந்த ஆண்டில் வயலிற் பெரும்பகுதி தரிசாகும். தம் பங்கையே சுருக்கி வாழ்வோரிடம், நம் குளங்களைத் தூர்த்து மனை கட்டிய நாம் நீர் கேட்டோம். பின்னர் 2024இல் தாளையடியிற் கடனீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடிநீருக்கு அது உதவும். மின்செலவு மிகுந்த அந்நீரைக் கொண்டு வெங்காயமும் புகையிலையும் விளைவித்தல் இயலாது. தோட்டத்துக்கு மழைநீரே கதி.

மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்றில் தையிலும் ஆவணியிலும் கல் கட்டிய கயிறிட்டு நீர்மட்டத்தை அளந்து, ஆண்டுதோறும் ஒரே கொப்பியிற் குறித்து வருக. அயல்வீட்டுக் கிணற்றையும் சேர்த்தளத்தல் நன்று.