உழுதவனும் கணக்குப் பார்க்க வேண்டும்
(பண்ணைத் தொழில் நிர்வாகம் – வணிகர்களுக்கு ஒரு பாடம்)

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. விவசாயிக்கு இது ஆறுதல் மொழியாக இருக்கலாம். வணிகருக்கு இது எச்சரிக்கை. மிஞ்சாது என்பதை அறிந்துகொள்ளவாவது கணக்குப் பார்த்தே ஆகவேண்டும் அல்லவா?

நசரத்பேட்டை, திருமழிசை, செம்பரம்பாக்கம், நேமம் சுற்றுவட்டாரத்தில் கடை வைத்திருப்போரில் பலருக்குக் கொஞ்சம் நிலமும் உண்டு. சிலருக்கு இங்கேயே தகப்பன் வழி வந்த காணி நிலம். சிலருக்குச் சொந்த ஊரில் நஞ்சையோ தோப்போ இருக்கும். கடைக்கு நாளேடு, பேரேடு, வருட முடிவில் ஐந்தொகை எல்லாம் எழுதும் நாம், நிலத்துக்கு ஒரு தாள்கூட எழுதுவதில்லை. உரம் வாங்கக் கல்லாவிலிருந்து பணம் போகிறது. நெல் விற்ற பணம் கல்லாவுக்கே வருகிறது. கடை நிலத்துக்குச் சோறு போடுகிறதா, நிலம் கடைக்குச் சோறு போடுகிறதா என்று கேட்டால் பதில் சொல்ல முடிவதில்லை. அதைக் கண்டுபிடிக்கும் வழியே இந்தப் பாடம்.

1. கடைக்கும் வயலுக்கும் உள்ள வேறுபாடு

மளிகைக் கடையில் போட்ட முதல் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை சுற்றி வரும். வயலில் போட்ட முதல் நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் திரும்பும். தோப்பு என்றால் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கடையில் அடக்க விலையின்மேல் லாபத்தைச் சேர்த்து விலை சொல்கிறோம். விவசாயி அப்படிச் சொல்ல முடியாது. விலை சந்தையில் முடிவாகிறது. அந்த விலைக்குள் தன் அடக்கத்தை அடக்கிக்கொள்வது மட்டுமே அவர் கையில் இருக்கிறது. எனவே கடை நிர்வாகத்தின் உயிர்நாடி விற்பனை என்றால், பண்ணை நிர்வாகத்தின் உயிர்நாடி அடக்க விலை.

2. மூன்று வகை அடக்கம்

1965-ல் மத்திய அரசு விவசாய விலைக் குழுவை அமைத்தது. இன்று அது விவசாயச் செலவு மற்றும் விலைகள் ஆணையம் எனப்படுகிறது. குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரை செய்யும்போது அடக்கத்தை அது பல படிகளாகக் கணக்கிடுகிறது. நமக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது ஏ2. இதில் கையிலிருந்து செலவான தொகை அடங்கும்: விதை, உரம், கூலி, வாடகை இயந்திரம், குத்தகை நிலமானால் கொடுத்த குத்தகை. கருவிகளின் தேய்மானமும் நடைமுறை முதலின் வட்டியும் இதிலேயே சேரும்.

இரண்டாவது, ஏ2 உடன் குடும்ப உழைப்பு. வீட்டார் வயலில் உழைத்த நாட்களுக்கு ஊர்க் கூலி போட்டுச் சேர்ப்பது.

மூன்றாவது சி2. சொந்த நிலத்தை வெளியே விட்டிருந்தால் வந்திருக்கும் குத்தகை, சொந்த மூலதனத்துக்கு வட்டி இரண்டையும் சேர்த்த முழு அடக்கம்.

இது வணிகருக்குப் புதிதல்ல. சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துபவர் வாடகை கொடுப்பதில்லை. ஆனால் அந்த வாடகையைக் கணக்கில் எடுக்காமல் "லாபம்" என்று சொன்னால், அது வியாபார லாபமல்ல, கட்டட வாடகைதான். சி2 சொல்வதும் இதுவே.

2018-19 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் ஆதரவு விலை அடக்கத்தைப் போல் ஒன்றரை மடங்காக இருக்கும் என அறிவித்தார்கள். அங்கே அடக்கமாகக் கொள்ளப்பட்டது இரண்டாவது வகை. விவசாய அமைப்புகள் கேட்பது சி2-வின்மேல் ஒன்றரை மடங்கு. செய்தித்தாளில் வரும் சண்டையின் உட்பொருள் இதுதான்.

3. ஒரு ஏக்கர் நெல் கணக்கு

கீழே உள்ள செலவுத் தொகைகள் கணக்குப் பழகுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் நிலத்தின் தொகைகளை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

உழவு 5,000, விதை 1,500, நாற்று, நடவு 6,000, களை 3,000, உரம் 5,000, பூச்சி மருந்து 1,500, அறுவடை இயந்திரம் 3,500, சாக்கு, ஏற்றுக்கூலி 1,500. ஆக 27,000 ரூபாய். நடைமுறை முதலுக்கு வட்டி 1,000, ஆழ்துளைக் கிணறு மற்றும் மோட்டாரின் தேய்மானம் 2,000 சேர்த்தால் ஏ2 அடக்கம் 30,000.

குடும்ப உழைப்பு 12 நாள், நாளுக்கு 500 வீதம் 6,000. இரண்டாவது அடக்கம் 36,000.

சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பு 12,000, சொந்த முதலுக்கு வட்டி 2,000. சி2 அடக்கம் 50,000.

விளைச்சல் 24 குவிண்டால் என்று கொள்வோம். 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசு ஊக்கத்தொகையுடன் சேர்த்து சாதாரண நெல்லுக்கு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். (மத்திய அரசின் ஆதரவு விலை 2,369, மாநில ஊக்கத்தொகை 131.) வரவு 60,000. வைக்கோலைத் தனியே வைத்துக்கொள்வோம்.

கைச்செலவைக் கழித்தால் 30,000 மிச்சம். குடும்ப உழைப்பையும் கழித்தால் 24,000. முழு அடக்கத்தைக் கழித்தால் 10,000. ஒரே வயல், ஒரே நெல், மூன்று "லாபம்". முதல் தொகையைப் பார்த்து மகிழ்பவர், நிலத்தின் குத்தகையையும் வீட்டாரின் உழைப்பையும் லாபம் என்று எண்ணிச் செலவு செய்கிறார்.

கொள்முதல் நிலையத்தில் காத்திருக்க முடியாமல் களத்துமேட்டிலேயே 1,800 ரூபாய்க்கு விற்றால் வரவு 43,200. கையில் 13,200 மிஞ்சியதுபோல் தெரியும். முழுக் கணக்கில் 6,800 நஷ்டம். நிலையத்திலேயே விற்றாலும், மழையால் விளைச்சல் 18 குவிண்டாலாகக் குறைந்தால் வரவு 45,000. முழுக் கணக்கில் 5,000 நஷ்டம்.

எனவே ஒவ்வொருவரும் மனதில் வைக்கவேண்டிய எண் ஒன்று உண்டு: மொத்த அடக்கத்தை விளைச்சலால் வகுத்த தொகை. மேற்படி கணக்கில் 50,000-ஐ 24-ஆல் வகுத்தால் குவிண்டாலுக்கு 2,083 ரூபாய். அதற்குக் கீழே விற்கும் ஒவ்வொரு மூட்டையும் நிலத்தின் பங்கையோ வீட்டாரின் பங்கையோ தின்கிறது.

4. நிலையான செலவு

தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆனால் கிணறும் மோட்டாரும் இலவசமல்ல. செம்பரம்பாக்கம் ஏரி ஒரு காலத்தில் சுற்றுக் கிராமங்களின் பாசன ஏரி. இன்று அதன் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு சென்னை மாநகரின் குடிநீருக்கு வேண்டியிருக்கிறது. ஆகவே இப்பகுதியில் பயிரிடுவோர் பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பவேண்டும்.

ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் 1,60,000 ரூபாய், ஆயுள் 10 வருடம் என்றால், வருடத் தேய்மானம் 16,000. நான்கு ஏக்கரில் வருடத்துக்கு இரண்டு போகம் எடுத்தால் எட்டுப் பங்கு, பங்குக்கு 2,000. மேலே நாம் போட்ட தொகை இதுதான். அதே கிணறு ஒரே ஏக்கருக்கு என்றால், போகத்துக்கு 8,000. 10,000 லாபம் 4,000 ஆகிவிடும். சிறிய கடையில் பெரிய குளிர்பதனப் பெட்டி வாங்கி வைத்தவரின் நிலைதான் இது. நிலம் சிறிதென்றால் பக்கத்து நிலத்தாருடன் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்வதும், சொட்டுநீர் அமைத்துப் பரப்பைக் கூட்டுவதும் நலம். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தரும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு.

5. பறிப்பதா, விடுவதா?

தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள் என்று படிக்கும்போது நம்மில் சிலர் "பாதி விலைக்காவது விற்கலாமே" என்கிறோம். கணக்கைப் பாருங்கள். பறிகூலி கிலோவுக்கு 2 ரூபாய், பெட்டியும் வண்டிச் சத்தமும் 3 ரூபாய், கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று வைப்போம். சந்தை விலை 5 ரூபாய் ஆனால், கமிஷன் போகக் கிடைப்பது 4.50, பறித்து அனுப்பும் செலவு 5. அனுப்பும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஐம்பது காசு கைப்பிடித்தம். பறிக்காமல் விடுவதே அறிவு.

விலை 8 ரூபாய் ஆனால், கமிஷன் போக 7.20, செலவு போக 2.20 மிச்சம். மொத்த அடக்கம் கிலோ 12 ரூபாயாக இருந்தாலும் பறிக்கத்தான் வேண்டும். போன செலவு போனதுதான். இனிச் செய்யப்போகும் செலவை இனி வரப்போகும் வரவு தாங்குமா என்பதே அன்றையக் கேள்வி. தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் விற்கும்போது நாம் செய்வதும் இதுதான்.

ஆனால் அடுத்த பருவத்தில் தக்காளி போடுவதா என்று முடிவு செய்யும்போது 12 ரூபாய் முழு அடக்கத்தையே பார்க்கவேண்டும். இந்த இரண்டு முடிவுகளையும் குழப்பிக்கொண்டவர்கள் ஏராளம்.

6. சந்தை பக்கத்தில் வந்தபோது

கொத்தவால் சாவடியின் மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறியது. 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி மொத்த விற்பனை தற்காலிகமாகத் திருமழிசையில் நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் மீண்டும் கோயம்பேட்டுக்கே திரும்பியது.

நான்கரை மாதம் மாநகரச் சந்தை நசரத்பேட்டையின் வாசலில் இருந்தது. இதிலிருந்து கற்கவேண்டியது ஒன்று. சந்தைக்கான தூரம் அடக்கத்தில் ஒரு இனம். அது குறைந்தால் லாபம் கூடும். ஆனால் எந்தப் பயிர் அந்த லாபத்தைப் பிடிக்க முடியும்? 25, 30 நாளில் வரும் கீரை பிடிக்கும். இன்று நட்ட தென்னையும் மல்லிகையும் பிடிக்காது. குறுகிய கால வாய்ப்புக்குக் குறுகிய காலப் பயிர், நீண்ட காலப் பயிருக்கு நிலைத்த சந்தை என்பது விதி. சந்தையே இடம் மாறக்கூடும் என்பதால், ஒரே கமிஷன் மண்டியை நம்பாமல் இரண்டு மூன்று விற்பனை வழிகள் வைத்திருப்பதும் அவசியம்.

7. மனை விலையும் பயிர் விலையும்

பெங்களூர் நெடுஞ்சாலையும், வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் வந்தபிறகு இப்பகுதி நிலத்தின் விலையை நெல்லும் கீரையும் நிர்ணயிப்பதில்லை. ஏக்கர் ஒரு கோடி என்று ஓர் உதாரணத்துக்கு வைப்போம். நூற்றுக்கு ஆறு வட்டி என்றால் வருடத்துக்கு 6,00,000. மேலே பார்த்த நெல் கணக்கில் குத்தகை மதிப்பும் லாபமும் சேர்ந்து போகத்துக்கு 22,000. இரண்டு போகத்துக்கு 44,000. ஆகவே மனை விலை கொடுத்து, அதுவும் கடன் வாங்கி, விவசாயம் செய்ய நிலம் வாங்குவது கடையையும் சேர்த்து மூழ்கடிக்கும் வேலை.

நிலம் வைத்திருப்பது ஒரு முடிவு. அதில் பயிர் செய்வது வேறு முடிவு. விலை ஏறும் என்று நிலத்தை வைத்திருப்பவர், பயிர் நஷ்டத்தை "நிலம் ஏறியிருக்கிறதே" என்று சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. பயிர் தன் அடக்கத்தைத் தானே கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் பயிரை மாற்றுங்கள், அல்லது குத்தகைக்கு விடுங்கள். குத்தகையை வாய்மொழியாக விடாமல், 1955-ம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கலந்து எழுத்தில் செய்யுங்கள். அது இருவருக்கும் பாதுகாப்பு.

8. கடனும் வரியும்

கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம். வட்டி குறைவென்று இந்தப் பணத்தில் தீபாவளிச் சரக்கு வாங்கிப் போடும் ஆசை வரும். சரக்கு தேங்கினால் பயிர்க் கடன் தவணை தவறும், சலுகையும் போகும். பயிர்க் கடன் பயிருக்கே. தவணையும் அறுவடைக்குப் பின் வரும்படி அமையட்டும்.

விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, கடை வருமானமும் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால், கடை வருமானத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட விவசாய வருமானமும் சேர்த்துக்கொள்ளப்படும். பட்டா, அடங்கல், விற்பனைச் சீட்டு, உரக்கடை ரசீது எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். கேள்வி வரும்போது தேடும் நிலை வேண்டாம்.

செய்யவேண்டியவை

நிலத்துக்கென்று தனிப் பேரேடு ஒன்று திறவுங்கள். கல்லாவிலிருந்து எடுத்ததைக் கடை கொடுத்த கைமாற்றாக எழுதுங்கள். வீட்டார் உழைத்த நாளையும் குறியுங்கள். ஒவ்வொரு அறுவடை முடிவிலும் மூன்று அடக்கத்தையும் போட்டுப் பாருங்கள்.

பயிற்சிக் கணக்கு

ஒருவர் 20 சென்ட்டில் 2,000 கட்டுக் கீரை எடுக்கிறார். தோட்டத்திலேயே கட்டு 5 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். தானே கொண்டுபோய் விற்றால் 8 ரூபாய். ஆட்டோச் செலவு 1,500. விற்கச் செலவான நேரத்தின் கூலி 1,250. நூற்றுக்குப் பதினைந்து கட்டு வாடி வீணாகும். எது லாபம்?

விடை: தோட்டத்தில் விற்றால் 10,000. கொண்டுபோய் விற்றால் 1,700 கட்டு, 13,600. செலவு 2,750 போக 10,850. கூடுதல் 850 மட்டுமே. வீணாவது நூற்றுக்கு இருபத்தைந்தானால் கிடைப்பது 9,250; தோட்ட விலையே மேல். நம் கடைக்குக் கீரை போடுபவர் ஏன் 5 ரூபாய்க்குச் சம்மதிக்கிறார் என்பதும், வாடாமல் காலையிலேயே எடுத்துக்கொள்ளும் கடைக்காரருக்கு ஏன் விலை விட்டுக்கொடுக்கிறார் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.