காய் பறிக்கும் கை

விடியுமுன் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு வழியாக மலையேறுவதை நாம் நெடுங்காலமாகக் கண்டு வருகிறோம். அவற்றில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களுள் பலர் மூப்பெய்திவிட்டனர். அவர்தம் மக்கள் வேறு வேலை நாடுகின்றனர். இடுக்கித் தோட்டங்களில் இன்று ஜார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலத்தார் பெருகியுள்ளனர். ஆள் இல்லை என்பர் தோட்டக்காரர். ஆள் கிடைத்தும் வேலையறிந்த கை கிடைக்கவில்லை என்பதே நாம் காணும் குறை.

ஏலச்செடியின் அடியில் தரையோடு படரும் சரத்தில் அடிப்பூ முன்னும் நுனிப்பூ பின்னும் மலர்கின்றன. ஆதலால் ஒரே சரத்தில் முற்றலும் பிஞ்சும் கலந்திருக்கும். தோல் பசுமையாயிருக்கையிலேயே உள்ளே விதை கறுத்திருப்பதுதான் பறிக்கும் பருவம். ஒவ்வொரு காயையும் உரித்துப் பார்க்க இயலுமோ? விரல்தான் அறிய வேண்டும். பருவக்காய் 100 கிலோவுக்குச் சுமார் 24 கிலோ உலர்காய் தேறும். பிஞ்சுக்கு 14 கிலோவே. கனிந்த காய் 29 கிலோ வரை தேறினும், உலர்கையில் வெடித்து நிறமிழந்து விலை குன்றும். எடைக்குக் கூலி தருமிடத்தில் புதியவர் பிஞ்சையும் சேர்த்து உருவினால் அவரை நோவதில் பயனில்லை. அவருக்குக் கற்பித்தவர் யார்?

உலர்த்தும் ஸ்டோரிலும் இதே நிலைதான். சுமார் 50 பாகை வெப்பத்தில் முதலில் கதவடைத்துக் காயை வியர்க்கவிட்டு, பின்னர் ஈரக்காற்று வெளியேறத் திறக்க வேண்டும். தாமதித்தால் பச்சை வெளிறும்.

நெசவாள அங்கத்தினர் இதனை எளிதில் உணர்வர். அறுந்த இழையைப் பிணைக்கப் பிள்ளைகள் தறியடியிலேயே பழகினர். தாயுடன் மலையேறிய மகளும் அவ்வாறே பழகினாள். (அது பள்ளி செல்லும் வயது என்பதையும் மறைக்கலாகாது.) அந்த வழி இன்று அடைபட்டது. இடுக்கி மாவட்டத்து மயிலாடும்பாறையில் 1978 முதல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் உண்டு. எனினும் ஆராய்ச்சியின் பயன் தோட்டக்காரரை எட்டுமளவு பறிப்பவரை எட்டுவதில்லை.

ஆதலின் நம் சங்கம் ஆவணிப் பறிப்புக்குமுன் அனுபவம் மிக்க பெண்கள் நால்வரை ஆசிரியராக அமர்த்தி, புதியவருக்கு இரண்டு நாள் சரத்தடியிலேயே காட்டித்தரச் செய்யலாம். மொழி பெருந்தடையாகாது, கீறிய காயில் கறுத்த விதையும் வெளுத்த விதையும் எவருக்கும் விளங்கும். அந்நாட்களுக்கு இருசாராருக்கும் முழுக்கூலி தரவேண்டும். செலவுக்கு அஞ்சுவோர், 100 கிலோ பிஞ்சில் நாம் இழக்கும் 10 கிலோ உலர்காயின் விலையைக் கணக்கிட்டு, அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருக.