தோட்டத் திடலில் காற்பந்துப் படம் எடுப்பது எப்படி?

செரம்பானை அடுத்த மம்பாவ் வட்டாரத்துத் திடல்களில் ஆட்டம் சூடு பிடிப்பது மாலை ஐந்து மணிக்கு மேல்தான். 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து இங்கே பொழுது சாய ஏழு மணிக்கு மேல் ஆகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி நீளாது. முதல் பாதியில் கண் கூசும் வெயில் அடிக்கும். இரண்டாம் பாதி முடிவதற்குள் செம்பனை நிழல் பாதித் திடலை மூடிவிடும். அதனால் ஆட்டம் தொடங்கும்போது வைத்த அமைப்பு கடைசிவரை உதவாது.

முதலில் ஷட்டர் வேகத்தைத் தீர்மானியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பந்து, 1/500 நொடிக்குள் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 22 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பந்து படத்தில் நீள்வட்டமாக இழுபட இது போதும். 1/1000-இல் அந்த நகர்வு பாதியாகக் குறையும். எனவே மேனுவல் முறையில் 1/1000 வையுங்கள். நல்ல வெயிலில் 1/2000-க்குப் போகலாம். அப்பர்ச்சரை லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குத் திறந்துவிடுங்கள். 70-200 எஃப் 2.8 லென்ஸ் விலை அதிகம். 70-300 போதும், 300-இல் அது பொதுவாக எஃப் 5.6 வரைதான் திறக்கும். ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு, மேல் வரம்பு 6400 என்று வையுங்கள். ஐ.எஸ்.ஓ. கூடிப் புள்ளி விழுந்த படத்தைக் கணினியில் ஓரளவு சரிசெய்யலாம். அசைந்து கலங்கிய முகத்தை மீட்க வழியில்லை.

அடுத்தது ஃபோகஸ். பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். கேமராவைத் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள்: நிக்கோன், சோனியில் ஏ.எஃப்.-சி, கேனனில் சர்வோ. பிறகு ஃபோகஸ் வேலையை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்து, பின்பக்கத்து ஏ.எஃப்.-ஆன் பொத்தானுக்குக் கொடுங்கள். கட்டைவிரல் அழுத்தியிருக்கும்வரை கேமரா ஆட்டக்காரரைத் துரத்தும். விரலை எடுத்தால் ஃபோகஸ் அதே தூரத்தில் நிற்கும். ஒரே பொத்தானில் இரண்டு முறையும் கைக்கு வந்துவிடுகிறது.

கார்னர் உதைக்கு இது மிகவும் கைகொடுக்கும். பந்தை வைக்கும்போதே அருகிலுள்ள கோல் கம்பத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு விரலை எடுத்துவிடுங்கள். ஏ.பி.எஸ்.-சி கேமராவில் 200 மி.மீ. லென்ஸை எஃப் 4-இல் வைத்து 20 மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒன்றரை மீட்டர்தான். அந்த ஒன்றரை மீட்டருக்குள் தலைகள் எழும்பும்போது தொடர்ச்சியாக அழுத்துங்கள். பத்துப் பேர் குறுக்கே ஓடும் இடத்தில் கேமரா தானாக ஆளைத் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

திறந்த திடலில் ஓடுபவரைப் பிடிக்க, சட்டகம் முழுவதையும் கேமராவிடம் விடாமல் சிறிய ஃபோகஸ் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பந்தையோ காலையோ குறிவைக்க வேண்டாம். மார்பில், சட்டை எண் இருக்கும் இடத்தில் வையுங்கள். எண்ணுக்கும் துணிக்கும் உள்ள நிற வேறுபாடு ஃபோகஸுக்கு நல்ல பிடி. அவர் பந்தைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்பே பின்தொடரத் தொடங்குங்கள். நடுவர் குறுக்கே வந்ததும் ஃபோகஸ் அவரிடம் தாவினால், மெனுவில் பின்தொடரும் உணர்திறனைக் குறையுங்கள்.

நம் ஆட்டக்காரர்களின் முகம் கறுத்து விழுவது இன்னொரு தொல்லை. பின்னால் வெள்ளை மேகம் இருந்தால் கேமரா அதைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்; கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். எக்ஸ்போஷர் திருத்தத்தில் கூட்டல் 0.7 அல்லது 1 வையுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். முகத்துக்காகத்தானே படம் எடுக்கிறோம்.

நிற்கும் இடம்: கோல் கோட்டுக்கு வெளியே, கார்னர் கொடிக்கும் கோல் கம்பத்துக்கும் நடுவில். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். மண்டியிட்டு எடுங்கள், நின்று எடுத்தால் ஆட்டக்காரர் புல்லோடு ஒட்டித் தெரிவார், தாழ்ந்து எடுத்தால் உயர்ந்து நிற்பார். எதிர்ப்புறம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றால் பத்து அடி தள்ளிப் போய்ச் செம்பனை வரிசையைப் பின்னணியாக்குங்கள். அந்த இருண்ட பச்சை பெரும்பாலான சட்டை நிறங்களை எடுத்துக் காட்டும்.

ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனித்துவிடும். கேமராப் பையைக் காரின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் இந்தத் தொல்லை குறையும். இரவு விளக்கில் எடுப்பவர்கள் சிமிட்டல் தடுப்பை இயக்குங்கள். இங்குள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய வகை விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும்.

வீடு திரும்பியதும் நல்ல பத்துப் படங்களை மட்டும் பிரித்து, ஒவ்வொன்றிலும் தேதி, திடல், அணி, ஆட்டக்காரர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். செரம்பானைச் சுற்றிப் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கே ஆடியவர்களின் வீடுகளில் கோப்பையோடு வரிசையாக நிற்கும் குழுப் படம் கிடைக்கலாம். பந்தை உதைக்கும் படம் கிடைப்பது அரிது. ஒரு பிரதியை ஆட்டக்காரருக்கும் இன்னொன்றை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கும் கொடுங்கள்.